துப்பு

செக்போஸ்ட் தாண்டிருச்சா சார்? நெசமாவா? யாரும் பஸ்ல ஏறிப் பாக்கலையே? சரி, அப்ப நல்லாக் காலை நீட்டி உக்காருங்க. பை எனக்கு மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா உருளும். கனமெல்லாம் இல்ல. பித்தளைப் படிக்கம். வெத்தலை போடுறவங்க துப்புறதுக்குப் பக்கத்துல வச்சிருப்பாங்களே, அதான். நான் வெத்தலை போடுறதில்ல. பொடி, பீடி, சீட்டு ஒண்ணும் கெடையாது. ஒரு கெட்ட பழக்கம் இல்லாத மனுசன் மடியில படிக்கம் எதுக்குன்னு கேப்பீங்க. கேளுங்க, சொல்றேன்.

நீங்க எங்க எறங்கணும்? கிருஷ்ணகிரியா? போதும். நான் திண்டுக்கல் போயி, அங்கருந்து வத்தலக்குண்டு போகணும். கிருஷ்ணகிரி வர்றதுக்குள்ள முடிச்சிருவேன். முழுசாக் கேட்டுட்டு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் குடிகாரனா, இல்லையா. முன்னப் பின்னத் தெரியாதவங்க சொன்னாத்தான் அது ஞாயமா இருக்கும். வீட்டுல கேட்டாச்சு. வீட்டுல ஞாயம் கெடைக்கல.

எம் பேரு தெய்வநாயகம். வத்தலக்குண்டுல காப்பித் தூள் கடை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, அங்கிட்டுத் தோட்டத்துலருந்து மூட்டை மூட்டையா வரும். வர்ற காப்பி நல்ல காப்பியா, மழையில நனைஞ்சதா, ஈரத்துல பூசணம் புடிச்சதான்னு பாத்துத்தான் வாங்கணும். அதுக்குப் பேரு கப்பு பாக்குறது. ஆறு கிளாஸ்ல தூளைப் போட்டு வெந்நி ஊத்தி, கரண்டியில மோந்து, சர்ருன்னு உறிஞ்சணும். சத்தம் வரணும் சார். சத்தம் வந்தாத்தான் வாய் முழுக்கப் பரவும். நாக்குல ஒரு சுத்து சுத்திட்டுப் படிக்கத்துல துப்பிரணும். முப்பத்தஞ்சு வருசமா தெனம் காலையில இதுதான் எனக்கு. இந்த வாய்க்குள்ள போன காப்பிய ஊத்துனா ஒரு கண்மாய் நெறையும். உள்ள எறங்குனது காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், வீட்டுக்காரி கையால. மத்ததெல்லாம் துப்புனதுதான். துப்பத் தெரியாதவன் கப்பு பாக்கக் கூடாதுன்னு கடையில வேலைக்கு வர்றவன்கிட்ட மொத நாளே சொல்லிருவேன்.

அப்பறம் இன்னொண்ணு. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மதுக்கடை வந்தப்ப, தூக்கணும்னு மனுக் குடுத்தோம். அந்த மனுவுல மொதக் கையெழுத்து யாருதுன்னு நெனைக்கிறீங்க? என்னுதுதான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

எனக்கு ஒரே பொண்ணு, வினோதினி. பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. இருபத்தொம்பது ஆகுது. வந்த சாதகம் ஒண்ணும் அவளுக்குப் புடிக்கல. போன ஐப்பசியில போன் பண்ணி, அப்பா எனக்கு ஒருத்தரைப் புடிச்சிருக்கு, பேரு இளம்பரிதி, ஓசூருக்காரரு, அம்மா மட்டுந்தான், டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்கன்னா. நல்ல பேரா இருக்கேன்னு எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. பையன் என்ன வேலை பாக்குறான்னேன். மெல்லமா, பீர் காய்ச்சுறாருப்பான்னா.

நான் போனை வச்சுட்டேன் சார். ரெண்டு நாள் பேசல. காப்பி வறுக்குற குடும்பத்துலருந்து சாராயம் காய்ச்சுற குடும்பத்துக்குப் பொண்ணான்னு ராஜாமணிகிட்டக் கத்துனேன். ராஜாமணி என் வீட்டுக்காரி. மூணாம் நாள் வினோவே கூப்புட்டா. அப்பா, வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா வந்து பாத்துட்டு, விசாரிச்சுட்டுச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா நான் பண்ணிக்க மாட்டேன், நீங்க சரின்னா பண்ணிக்குவேன். இம்புட்டுதான் சொன்னா. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்பன்கிட்ட இப்படிச் சொல்லுது? சரி, அவன் குடிகாரன்னு துப்புக் கண்டுபுடிச்சு, அவ கண்ணு முன்னாடி வச்சுட்டு வந்துரலாம்னு கெளம்புனேன். கடையை மச்சான் கையில விட்டேன். ராஜாமணியோட தம்பி. தெனம் ஒரு குவார்ட்டர் போடாமத் தூங்க மாட்டான், ஆனா அது ஊருக்குத் தெரியாது. ஊருக்கு அவன் உத்தமன். அதை விடுங்க.

கார்த்திகை ஒண்ணாந்தேதி ரெண்டு பேரும் வந்து எறங்குனோம். என்னா குளிரு சார் பெங்களூருல. காலையில பல்லு வெளக்கத் தண்ணியத் தொட்டா வெரல் வெறைக்குது. வினோ வீடு டொம்லூர்ல. அந்தப் பையன் வேலை பாக்குற எடம் இந்திராநகர்ல ஒரு மாடிக்கடை. கீழ கண்ணாடி வழியாப் பாத்தா அண்டா அண்டாவா வச்சுக் காய்ச்சுறான், மேல ஒக்காந்து குடிக்கிறாங்க. குளிர் மாசம் வந்தா அங்க கருப்பு பீர் மட்டும் ஆறு தினுசு போடுவாங்களாம். தை முடியிற வரைக்குந்தான். பனியில சனம் அதைத்தான் கேக்குமாம். இதையெல்லாம் வினோகிட்ட நைசாப் பேச்சுக் குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மொதச் சனிக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போனேன். ஆளு தெரியக் கூடாதுன்னு குரங்குக் குல்லா, கழுத்துல மப்ளர், ராஜாமணியோட கூலிங்கிளாஸ். கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். ராஜாமணி, இந்த வேசத்துல சாமிக்கே அடையாளம் தெரியாதுன்னா.

போயி ஒக்காந்தா, ஒரு பலகையில ஆறு குழி வெட்டி, ஆறு சின்னக் கிளாஸ வச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. நான் கேக்கல சார். மொதத் தடவை வர்றவங்களுக்கு மாதிரிக்குக் குடுக்கிறதாம். மாதிரின்னு சொன்னதும் எனக்குத் தொழில் புத்தி வந்துருச்சு. நீங்க ஜவுளிக்கடைக்காரர்னா, துணியக் கண்டா கை தானாத் தடவிப் பாக்கும்ல. அப்படித்தான். ஆறும் கருப்பு. ஆனா ஒரே கருப்பு இல்ல. ஒண்ணு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா செவப்பாத் தெரியுது. ஒண்ணு நம்ம டிகாக்சன் கணக்கா இருக்கு. ஒண்ணுல வெளிச்சமே ஊடுருவல. மொதக் கிளாஸ எடுத்தேன், பழக்க தோசத்துல சர்ருன்னு உறிஞ்சிட்டேன்.

கடை மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு.

பாத்தா, உள்ளருந்து ஒரு பையன் ரப்பர் பூட்சு போட்டுக்கிட்டு ஓடி வர்றான். உசரமா, ஒல்லியா, கண்ணாடி போட்டு. சார், நீங்க காப்பி கப்பு பாக்குறவரான்னு தமிழ்லயே கேட்டான். இல்ல தம்பி, நான் பழனிச்சாமி, எனக்குப் பொள்ளாச்சி, தேங்கா வியாபாரம்னுட்டேன். சட்டுனு வந்துச்சு பாருங்க. அந்த விசயத்துல நான் கெட்டிக்காரன். அவன், உக்காருங்க பழனிச்சாமி சார்னு எதிர்லயே ஒக்காந்துட்டான். இளம்பரிதின்னு சட்டையில எழுதியிருக்கு.

சரி, கண்ணு முன்னாடியே மாட்டுனாண்டான்னு நெனச்சேன். நீயும் குடி தம்பின்னேன். அவன் ஒரு கிளாஸ எடுத்தான், மோந்து பாத்தான், ஒரு வாய் வாங்குனான், கண்ண மூடுனான். அப்பறம் காலடியில இருந்த எவர்சில்வர் சட்டிய எடுத்துத் துப்பிட்டான். ஆறையும் அப்படித்தான். எங்க தொழில்ல எம் முன்னாடி அம்புட்டுச் சுத்தமாத் துப்புன ஆளு கெடையாது சார். ஒரு சொட்டு தெறிக்கல.

ஏன் தம்பின்னு கேட்டேன். அவங்கப்பா குடிச்சுக் குடிச்சு ஈரல் போயி செத்தாராம், இவன் எட்டாவது படிக்கையில. படிச்சுட்டு இந்த வேலை கெடைச்சப்ப, அம்மா கற்பூரம் ஏத்திக் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காங்க. காய்ச்சு, வாயில வச்சுப் பாரு, ஆனா ஒரு சொட்டு தொண்டைக்குக் கீழ போகக் கூடாதுன்னு. ஆறு வருசமாப் போகலையாம். அதுல ஒரு கஷ்டம் சார்னான். காப்பிய நாக்குலயே முழுசாச் சொல்லிரலாம். பீர் அப்படியில்ல, அதோட கசப்பு கடைசியில தொண்டையிலதான் தெரியும், முழுங்கினாத்தான் தெரியும். எனக்கு அந்தக் கடைசி மட்டும் தெரியாது, வேற யாராச்சும் சொல்லணும்னான். சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்தான்.

இப்ப நீங்க சொல்லுங்க. துப்புக் கண்டுபுடிக்கப் போன எடத்துல, பையன் துப்புறான். அப்ப முழுங்குறது யாரு? ஒரு தொழில் தெரிஞ்ச பையன் ஒரு தொழில் தெரிஞ்சவன்கிட்டக் கேக்குறான். தேங்கா வியாபாரின்னு சொல்லியும் கேக்குறான். மனுசத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல? மொதக் கிளாஸ்ல ஒரு மடக்கு எறக்குனேன். வெறும் மண்டவெல்லம், தொண்டையில ஒண்ணுமில்ல தம்பின்னேன். அவன் நோட்டை எடுத்து எழுதுனான் சார். நான் சொன்னதை எழுதுனான். முப்பத்தஞ்சு வருசத்துல நான் சொன்னதை ஒருத்தனும் எழுதுனதில்ல.

அடுத்த சனிக்கெழமையும் போனேன். ஒரு நாள்ல ஒரு பையனை எடை போட முடியுமா? அதுக்கடுத்த சனிக்கெழமையும் போனேன். மார்கழி பொறந்ததும் புதன்கெழமையும் சேத்துக்கிட்டேன், ஏன்னா சனிக்கெழமை கூட்டம் சாஸ்தி, விசாரிக்க முடியல. ராஜாமணிகிட்ட மார்கழி மாசம், கோயிலுக்குப் போறேன்னு சொல்லுவேன். அவ ஒரு நாள், எந்தக் கோயில்ல இம்புட்டு ஏலக்காய் மெல்லச் சொல்லி விடுறாங்கன்னு கேட்டா. பொம்பளைங்களுக்கு விசாரணைன்னா என்னன்னு புரியாது.

ஆறுக்கும் நானே பேரு வச்சேன். அவன் கருப்பு பீருக்கு இங்கிலீஷ்ல போர்ட்டர், ஸ்டவுட்டுன்னு என்னென்னமோ சொல்லுவான். பாலு ஸ்டவுட்டுன்னு ஒண்ணு, பாலுல இருக்குற சக்கரை மட்டும் போடுறதாம். நான் அதுக்கு அம்மாஞ்சின்னு பேரு வச்சேன், ஒரு வம்பு தும்புக்கும் போகாது. ஓட்ஸ் போட்டது ஒண்ணு, அது ஆஸ்பத்திரிக் கஞ்சி. புகை போட்ட போர்ட்டர் ஒண்ணு இருக்கு, ஈர வெறகு. அதை ரெண்டு கிளாஸ் பாத்தாத்தான் புடிபடும். ஒரு கிளாஸ்ல அது உண்மையச் சொல்லாது. மொதல் ரெண்டும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. ஆறாவதுதான் சார் விசயம். அதுதான் அந்தக் கடையிலயே கருப்பு, அதுதான் வீரியம். ஆனா கடைசியில ஒரு வறட்டுக் கசப்பு நின்னுக்கிட்டே இருந்துச்சு. பீருக்குப் போடுற பார்லி வறுவல்ல தீஞ்சு போச்சு தம்பின்னேன். அவனுக்கும் எங்கயோ தப்புன்னு தெரியுது, எங்கன்னு தெரியல. அவனுக்கு அந்த எடம் தெரியாதே.

அடுத்த வாரம் ஊருலருந்து தாண்டிக்குடி பீபெரி வரவழைச்சேன். உருண்டைக் கொட்டை, தோட்டத்துலயே கொஞ்சந்தான் தேறும். வினோ வீட்டு அடுப்புல இருப்புச்சட்டியப் போட்டு நானே வறுத்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க தீப்புடிச்சிருச்சுன்னு கதவத் தட்டிட்டாங்க. அந்தக் காப்பிய அவன் பச்சத் தண்ணியில ஒரு நாள் ஊற வச்சு, அந்தத் தண்ணிய ஆறாவதுல சேத்தான். தீஞ்ச பார்லியப் பாதியாக் குறைச்சான். பக்குவம் வர ஒரு மாசம் ஆகும்னான். ஒரு மாசம் சார். பிள்ளைப்பேறுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தோம் ரெண்டு பேரும். பொங்கல் நெருங்கையில கடைக் கரும்பலகையில சாக்பீஸ்ல பெருசா எழுதிட்டான், பழனிச்சாமி ஸ்டவுட்டுன்னு. அதுக்குக் கீழ என்னைய நிக்க வச்சு ஒரு போட்டோ. கையில ஈர வெறகு கிளாஸு, தலையில குல்லா.

இதுக்குள்ள எனக்குப் பையனைப் பத்தித் தெளிவாயிருச்சு. பத்தரைமாத்துத் தங்கம். வேலையில சுத்தம், பேச்சுல மரியாதை, ஒரு சொட்டு உள்ள எறக்காத வைராக்கியம். பொங்கல் அன்னைக்கு வினோவக் கூப்புட்டு, விசாரிச்சுட்டேம்மா, எனக்குப் பூரண சம்மதம்னேன். அப்பறந்தான் அவ சிரிச்சுக்கிட்டே சொல்றா, மொதச் சனிக்கெழமையே அவன் போன் பண்ணிட்டானாம், உங்கப்பா தேங்கா வியாபாரியா வந்திருக்காருன்னு. சரி, தெரிஞ்சுக்கிட்டும் எனக்கு மரியாதை குடுத்திருக்கான் பாருங்க. அதையும் நான் அவனோட நல்ல குணத்துலதான் சேத்தேன். வினோ என் கையப் புடிச்சுக்கிட்டா. தேங்க்ஸ்ப்பான்னா. அழுதுட்டா சார். கல்யாணம் முடிஞ்சுதுன்னே நெனச்சோம் மூணு பேரும்.

பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழமை பையனோட அம்மா பொண்ணு பாக்க வந்தாங்க. கிரிஜா டீச்சர். கணக்கு டீச்சர். பருத்திச் சேலை, கையில ஒரே ஒரு வளையல். பூவும் பழமும் தட்டுல வச்சு நீட்டுனாங்க. நான் வெள்ளை வேட்டி, திருநீறு, எல்லாம் லட்சணமா நிக்கிறேன். அந்தம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க. தட்டை அப்படியே திருப்பி மடியில வச்சுக்கிட்டாங்க. நீங்க பழனிச்சாமிதானேன்னாங்க.

பையன் பெருமையா அந்தப் போட்டோவ அம்மாவுக்கு அனுப்பியிருக்கான் சார். எங்க கடைக்கு வாரா வாரம் வர்றவரு, இவரு தொண்டை மாதிரி ஒரு தொண்டை பெங்களூருலயே கெடையாதுன்னு எழுதி. பொண்ணோட அப்பான்னு மட்டும் சொல்லல. நேர்ல சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்னு நெனச்சானாம். அந்தம்மா ஆச்சரியப்பட்டாங்க.

எம்மா, நான் குடிக்கல, ருசி பாத்தேன், எங்க தொழில்ல இது வழக்கம், வாயில வச்சுத் துப்புறதுதான்னு எம்புட்டோ சொன்னேன். அவங்க சத்தம் போடல. சண்டை போட்டாக்கூடப் பதில் பேசலாம். எங்க வீட்டுக்கு ஒருத்தர் போதும் சார், சம்பந்தி வீட்டுலயும் ஒருத்தர் வேணாம்னாங்க. வினோ மூஞ்சி செத்துப் போச்சு. நான் விடல. முப்பத்தஞ்சு வருசமாத் துப்புறவன்மா நான், வேணும்னா உங்க கண்ணு முன்னாடி ஆறையும் வாயில வச்சு ஆறையும் துப்பிக் காட்டுறேன்னேன். ரோசத்துல சொன்னது. அந்தம்மா யோசிச்சாங்க. கணக்கு டீச்சர்ல. சொல்றதை நம்ப மாட்டேன், செஞ்சு காட்டினா ஒத்துக்கிறேன், அடுத்த ஞாயிறு வர்றேன்னு எந்திரிச்சுட்டாங்க.

அதுக்குத்தான் இந்தப் படிக்கம். கடையிலருந்து மச்சான்கிட்டச் சொல்லி பஸ்ஸுல போட்டுவிடச் சொன்னேன். கண்ட சட்டியில துப்புனா எனக்கு வராது.

போன ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணி. அந்தம்மா பள்ளிக்கூட லேப்ல இருக்குமே, கோடு போட்ட கண்ணாடிக் குவளை, அதைக் கொண்டாந்திருந்தாங்க. பையன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆறு தினுசு பாட்டிலை வச்சான். குவளையில கோடு வரைக்கும் ஊத்தி எனக்குக் குடுப்பாங்க. நான் வாயில வச்சுச் சுத்திப் படிக்கத்துல துப்புவேன். அவங்க அதைத் திருப்பிக் குவளையில ஊத்திக் கோடு பாப்பாங்க. எச்சில் சார். மூஞ்சி சுளிக்கல அந்தம்மா. அம்புட்டு உறுதி.

மொதல் ரெண்டும் சும்மா வந்துச்சு. அம்மாஞ்சி கோட்டுக்கு மேலயே வந்துருச்சு, எச்சில் ஊறினதுல. கூடலாம், கொறையக் கூடாதுன்னாங்க டீச்சர். ராஜாமணி பூஜை ரூம் வாசல்ல நின்னு ஒவ்வொண்ணுக்கும் முருகா முருகாங்குறா. கஞ்சியும் துப்பியாச்சு. ஈர வெறகு கொஞ்சம் அடம் புடிச்சுது, அதையும் துப்பிட்டேன். அஞ்சு முடிஞ்சப்ப அந்தம்மா மொகத்துல லேசா ஒரு சிரிப்பு வந்துச்சு சார், நான் பாத்தேன். வினோ எந்திரிச்சு தட்டுல பூவ எடுத்து வைக்கவே போயிட்டா.

ஆறாவது. பழனிச்சாமி.

பக்குவம் வந்ததுக்கப்பறம் நான் அதை வாயில வைக்கவே இல்ல. அன்னைக்குத்தான் மொதத் தடவை. பையன் பாட்டிலைத் தொறக்கையிலயே என் பீபெரி வாசம் வீடெல்லாம் வந்துச்சு. அவன் என்னையவே பாக்குறான். வாயில விட்டேன். மொதல்ல கருப்பட்டி. அப்பறம் வறுவல், தீயல, பதமா நிக்குது. அப்பறம் காப்பி. எங் காப்பி சார், நான் வறுத்தது. நாக்குல அம்புட்டும் சரியா இருக்கு. ஆனா அந்தக் கசப்பு போச்சா, நிக்குதா? அது தொண்டையிலதான தெரியும்? வாயிலயே வச்சிருந்தேன். டீச்சர் கடியாரத்தைப் பாத்தாங்க. ராஜாமணி முருகாவ நிறுத்திட்டா.

அப்பதான் வினோ வந்தா. எம் முன்னாடி வந்து மண்டி போட்டு ஒக்காந்து, என் தாடைக்குக் கீழ உள்ளங்கைய நீட்டுனா. அவ சின்னப் புள்ளையில தவழ்ந்துக்கிட்டே குடோனுக்குள்ள வந்துருவா. பச்சக் காப்பிக் கொட்டைய எடுத்து வாயில போட்டுக்குவா. தொண்டையில சிக்கிக்குமேன்னு உசிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி, கைய நீட்டி, துப்பு கண்ணு, அப்பா கையில துப்புன்னு கெஞ்சுவேன். துப்பிருவா. ஒரு தடவை கூட முழுங்குனதில்ல அவ. அதே மாதிரி கைய நீட்டுனா சார்.

"துப்புங்கப்பா."

மெதுவாத்தான் சொன்னா. எறங்கிருச்சு சார். நான் எறக்கல. அதுவா எறங்கிருச்சு.

வினோ கை அப்படியே நீட்டுனபடி இருக்கு, காஞ்ச கை. டீச்சர் படிக்கத்தைக் குவளையில கவுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் வரலன்னு தெரிஞ்சும், வெளிச்சத்துல தூக்கி ஒரு தடவை கோடு பாத்தாங்க. இந்தப் பைத்தியக்காரப் பையன் அந்த நேரத்துல, எப்படி சார் இருக்குன்னு கேட்டான். ஆறு வாரம் அவனும் தூங்காமக் காய்ச்சினதுல்ல. என்னால பொய் சொல்ல முடியல. நல்லாயிருக்கு தம்பி, கடைசியில கசப்பு நிக்கல, காப்பிதான் நிக்குதுன்னேன். அவன் கண்ணு கலங்கிருச்சு. எதுக்குக் கலங்குச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அந்தம்மா குவளையக் கழுவித் தொடச்சுப் பையில வச்சாங்க. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சார்"னாங்க. "யாரையும் அடிச்சதில்ல, எங்கயும் விழுந்து கெடந்ததில்ல. நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவார்."

அடுத்த தை முடியட்டும்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டு இல்லாம இருந்துட்டு வாங்க, அப்பறம் பேசலாம், அதுக்கு முன்னாடி இந்தப் பேச்சே வேணாம்னாங்க. பையன் அம்மா பேச்சைத் தட்ட மாட்டான். வினோ அப்பன் பேச்சைத் தட்டாத மாதிரி. ஒரு வருசம் சார். அவளுக்கு முப்பது ஆயிரும்.

ராஜாமணி என்னைய ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. துப்புக் கெட்ட மனுசன்னா. இத்தனை வருசத்துல எவ்வளவோ திட்டியிருக்கா, இது மட்டும் ஒட்டிக்கிச்சு. புள்ளையோட இருக்கேன், நீங்க போங்கன்னு அனுப்பிட்டா. வினோ அஞ்சு நாளாப் பேசல. இன்னைக்குக் காலையில பஸ் ஏத்திவிட வந்தா. டிக்கெட்டக் கையில குடுக்கும்போதுதான் வாயத் தொறந்தா. நீங்க சரின்னு சொன்னாப் போதும்னு நெனச்சேம்ப்பா. அம்புட்டுதான் சொன்னா.

இப்ப சொல்லுங்க. ஒரே ஒரு மடக்கு. அதுவும் தொழிலுக்காக, மாப்பிள்ளையாகப் போறவனோட வேலைக்கு மரியாதை குடுத்து. இதுக்குப் பேரு குடியா? மச்சான் தெனம் குவார்ட்டர் போடுறான், அவன் உத்தமன். மனுவுல மொதக் கையெழுத்துப் போட்ட நான் குடிகாரனா?

என்ன சார், பையப் பாக்குறீங்க. சத்தம் கேக்குதா? பித்தளைன்னா சத்தம் வரத்தான செய்யும்.

சரி, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். ஆறாவதுல மட்டும் பையன் ரெண்டு பாட்டில் கொண்டாந்திருந்தான். ரெண்டாவதைத் தொறக்கவே இல்ல. சாக்கடையில கொட்டுங்கன்னா ராஜாமணி. கொட்டத்தான் எடுத்துட்டுப் போனேன். எங் கையால வறுத்த காப்பி சார் அதுல. துண்டுல சுத்திப் படிக்கத்துக்குள்ள வச்சிருக்கேன். குடிக்கிறதுக்கு இல்ல, மாதிரிக்கு. கடையில வச்சு, தெனம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துக்கலாம்னு. செக்போஸ்ட்டுல ஏறியிருந்தா மானம் போயிருக்கும்.

என்ன, எந்திரிக்கிறீங்க? கிருஷ்ணகிரி வந்துருச்சா? இன்னும் பாலம் வரலையே. நீங்க இன்னும் அந்த ஒரு வார்த்தைய சொல்லலையே சார்.

எதுக்குக் கைய நீட்டுறீங்க? வேணாம் சார். நான் கடை வரைக்கும் அப்படியே கொண்டு போயிருவேன், தொறக்க மாட்டேன். படிக்கம் இருக்குல்ல, தொறந்தாலும் துப்பிருவேன்.

அப்படி நீட்டாதீங்க சார். உள்ளங்கைய விரிச்சுக்கிட்டு, அதே மாதிரி.

இந்தாங்க. கெட்டியாப் புடிங்க, துண்டு வழுக்கும். சாக்கடையில வேணாம், எங்கயாச்சும் செடிக்கு ஊத்துங்க. ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து மட்டும் பாருங்க. பையன் நல்லாச் செஞ்சிருக்கான்.